ஷோரூமுக்குப் போகும் முன் கரண்ட் பில்லைக் கையில் எடுங்கள்

தமிழ்நாட்டில் முதல் மின்சார கார் வாங்கத் திட்டமிட்டிருக்கும் குடும்பங்களுக்கு,



எந்த எலக்ட்ரிக் கார் நல்ல கார்? உங்கள் வீட்டுக் கூடத்திலும், அலுவலகத்துத் தேநீர் இடைவேளையிலும், கல்யாண மண்டபத்துப் பந்திக்கு வெளியிலும் இந்தக் கேள்வி ஓயாமல் எழுகிறது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி. 14 லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் வந்தபோது இதற்கு அதிக வேலை இருக்கவில்லை. அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த ஹூண்டாய் கோனாவின் விலை 25 லட்சத்தைத் தொட்டது. நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய வண்டி என்று சொல்ல நெக்ஸானை விட்டால் அதிகம் இல்லை. இன்று நிலைமை தலைகீழ். எட்டு லட்சத்தை ஒட்டித் தொடங்கும் எம்.ஜி. காமெட், டாடா டியாகோவிலிருந்து பஞ்ச், வின்ட்சர், கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ வரை வரிசை நீண்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலையின் வி.எஃப். 6, வி.எஃப். 7 வண்டிகளும் அதில் சேர்ந்துகொண்டன.

தேர்வு பெருகியதால் ஒப்பீட்டு அட்டவணைகளும் பெருகின. பேட்டரி எவ்வளவு, ரேஞ்ச் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், மேற்கூரைக் கண்ணாடி உண்டா, இருக்கையில் குளிர்காற்று வருமா என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருப்பார்கள். வாங்குபவரின் வீடு எந்தக் கட்டத்திலும் இருக்காது. ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அந்தச் சுவரில் பிளக் இருக்கிறதா, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், வருஷத்தில் எத்தனை முறை சொந்த ஊருக்குப் போகும், வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் காட்டுகிறது: இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் இரண்டு மின்சார கார்களை ஒப்பிடவே முடியாது. பெட்ரோல் காரில் இவை பெரிய விஷயமில்லை. பங்க் எல்லோருக்கும் பொது. மின்சார காரில் பங்க் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது அல்லது இல்லவே இல்லை. வண்டியின் தரத்தில் பாதியை இதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் ரேஞ்ச். ஒரு முறை முழுக்க சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதுதான் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண். இது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை ஓட்டி, இந்தியச் சோதனைமுறைப்படி எடுத்த அளவு. அந்தச் சோதனையில் வேகம் குறைவு. எதிர்க்காற்று, மேம்பால ஏற்றம், ஐந்து பேரின் எடை, சித்திரை வெயிலில் முழு வேகத்தில் ஓடும் ஏ.சி. என்று எதுவும் கிடையாது. 45 கிலோவாட் மணி பேட்டரி வைத்த நெக்ஸானுக்குக் கிடைத்த சான்று 489 கி.மீ. அதே வண்டிக்கு டாடா நிறுவனமே 350 முதல் 370 கி.மீ. என்று இன்னொரு கணக்கும் தருகிறது. சி-75 என்று பெயரிட்ட அந்தக் கணக்கு, வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேர் எட்டக்கூடிய தூரத்தைக் குறிக்கிறது. இந்த வெளிப்படைத்தன்மையைப் பாராட்ட வேண்டும். எல்லா நிறுவனங்களும் இதைச் செய்யவேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்கவும் வேண்டும்.

சான்று எண்ணில் 70 முதல் 75 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அறிமுகத்தின்போது 473 கி.மீ. என்று சான்று பெற்ற கிரெட்டா எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி வண்டியிடம் 330, 350 எதிர்பார்க்கலாம். 315 கி.மீ. சான்றோடு வந்த 25 கிலோவாட் மணி பஞ்ச் வண்டியை 200 கி.மீ. வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 79 கிலோவாட் மணி பி.இ. 6-இன் சான்று 682. 500-ஐத் தொட்டால் அது நல்ல ஓட்டம்.

இது ஊருக்குள்ளும் வெளியிலுமாகக் கலந்து ஓட்டும்போது. நெடுஞ்சாலைக் கணக்கு வேறு. பெட்ரோல் கார் பழகியவர்களுக்கு நெடுஞ்சாலை என்றால் மைலேஜ் கூடும். மின்சார காரில் அது குறையும். ஊருக்குள் ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். திண்டிவனம் தாண்டிய நேர்ச்சாலையில் பிரேக்குக்கே வேலையில்லை. திரும்பி வர ஒன்றுமில்லை. கூடவே காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறுகிறது. 80-இல் போகிறவரும் 110-இல் போகிறவரும் ஒரே வண்டியில் இரண்டு வெவ்வேறு ரேஞ்ச் பார்ப்பது இதனால்தான்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கி.மீ. 45 கிலோவாட் மணி பேட்டரியோடு, நெடுஞ்சாலை ரேஞ்ச் 320 என்று வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் விடியற்காலையில் கிளம்புகிறது. பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டினால் 290 கி.மீ. வரை போகலாம். உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் எங்காவது ஒரு நிறுத்தம் கட்டாயம். இந்த வகை வண்டிகளில் வேகச் சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதம் ஏற 40 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். காலைச் சாப்பாட்டு நேரம்தான். பெரியவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் எப்படியும் நிற்கிற நேரம். வருஷத்துக்கு நான்கைந்து முறை போகிறவர்களுக்கு இது பாரமே இல்லை. வாரா வாரம் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே தொழில் நிமித்தமாக ஓடுகிறவருக்கு அது பெரிய நேர இழப்பு.

80 சதவீதத்துக்கு மேல் ஏன் நிரப்புவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப மின்சாரம் ஏறும் வேகத்தை வண்டியே குறைத்துவிடும். கடைசி இருபது சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் சாலையில் நெடுந்தூரம் போய்விடலாம். அதனால் நெடும்பயணத்தில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் உங்களுக்குக் கிடைப்பது பேட்டரியின் 70 சதவீதம் மட்டுமே. பட்டியலில் 'ரேஞ்ச்' என்று போட்ட எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 10 யூனிட் (கிலோவாட் மணி) கூடுதலாக வேண்டும் என்கிறது பள்ளிக்கூட இயற்பியல். 25 யூனிட் பேட்டரியில் அது ஐந்தில் இரண்டு பங்கு. 50 யூனிட் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. இறங்கும்போது நல்ல பங்கு திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. மோட்டார் பிடிக்கவேண்டிய வேகத்தையெல்லாம் பிரேக்கே பிடிக்க வேண்டியிருக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், சேலம் பக்கத்துக் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது.

இனி பணம். பேட்டரி அளவைக் குறிக்கும் கிலோவாட் மணியும், மின்வாரியம் கணக்கிடும் யூனிட்டும் ஒன்றுதான். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் கொள்ளும் பேட்டரி. இது விளங்கிவிட்டால் மீதிக் கணக்கை வீட்டு மேசையிலேயே போட்டுவிடலாம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அளவு வண்டி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கி.மீ. ஓடும்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் ஒரு குடும்பம். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 400 யூனிட் செலவாகிறது. காருக்காக இன்னும் 290 யூனிட் கூடும், மொத்தம் 690. விளம்பரங்கள் யூனிட்டுக்கு நான்கு, ஐந்து ரூபாய் என்று போட்டு கிலோமீட்டருக்கு எழுபது பைசா என்று காட்டுவது இங்கேதான் பிசகுகிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கார் குடிக்கும் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியில் உட்காரும். 400-க்கு மேல் ஆறு ரூபாய்ச் சொச்சம், 500-க்கு மேல் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். போதாக்குறைக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு, கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையில் ஒரு பகுதியும் போய்விடும். எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 2,600 ரூபாய் கூடும். ஓடிய தூரம் 2,000 கி.மீ. ஆக, கிலோமீட்டருக்கு ஒன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேலே.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் இதே தூரத்துக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் 13,400-ஐத் தாண்டும். இரண்டு மாதத்தில் மிச்சம் சுமார் 10,800 ரூபாய், வருஷத்துக்கு 65,000. விளம்பரம் சொன்ன அளவு இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும் பணம். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டும் வீட்டில் இந்த மிச்சம் ஆண்டுக்கு 33,000-ஐ ஒட்டி நின்றுவிடும்.

மின்சார கார் விலையில் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆன்ரோடு விலையில் எவ்வளவு கூடுதல் என்பதுதான் பார்க்கவேண்டியது. தமிழ்நாட்டில் 2023 இறுதியிலிருந்து 10 முதல் 20 லட்ச ரூபாய் வரை விலையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். மின்சார வண்டிகளுக்கு மாநில அரசு இந்த வரியை முழுமையாக விலக்கியது. ஷோரூம் விலையில் 13 லட்சம் பெட்ரோல் கார், 17 லட்சம் மின்சார கார் என்று இரண்டை எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் நான்கு லட்சம். பெட்ரோல் காரின் சாலை வரி 2.34 லட்சத்தைச் சேர்த்தால் வித்தியாசம் 1.66 லட்சமாகக் குறைகிறது. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டரை வருஷத்தில் அது கைக்கு வந்துவிடும், 500 கி.மீ. ஓட்டுபவருக்கு ஐந்து வருஷம்.

வரி விலக்கு இல்லாமல் போனால்? அதே இரண்டு கார்களின் வித்தியாசம் 4.72 லட்சமாகிவிடும். 1,000 கி.மீ. குடும்பத்துக்கு ஏழு வருஷம் தாண்டும், 500 கி.மீ. குடும்பத்துக்குப் பதினான்கு. ஒரே வண்டி, ஒரே ஓட்டம்; ஓர் அரசாணை மட்டும் நடுவில். இந்த விலக்குகள் எல்லாமே காலக்கெடு வைத்துத் தரப்படுபவை. ஆகவே வண்டியைப் பதிவு செய்யும் நாளில் என்ன ஆணை நடப்பில் இருக்கிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள். விற்பனையாளரின் வாய்மொழி போதாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதையும் கணக்கில் சேருங்கள். மின்சார கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான். ஆனாலும் சிறிய கார்களில் இரண்டுக்கும் இருந்த விலை இடைவெளி அன்றைக்கு மாறிவிட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஒப்பீடுகளை இன்று நம்ப முடியாது.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியே இல்லாதவர்கள் பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட்டுக்கு இருபது ரூபாய் சுற்றி ஆகும். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் வாரம் இரண்டு முறை ஒரு வணிக வளாகத்தின் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கு யார் விலை போடுவது? தெளிவாகவே சொல்லிவிடலாம்: வண்டி நிற்கும் இடத்தில் பிளக் போட முடியாத குடும்பத்துக்கு இன்றைய நிலையில் மின்சார கார் நல்ல தேர்வில்லை. எந்த நிறுவனத்தின் எந்த மாடலும் இதை மாற்றாது.

பிளக் போட முடியும் என்பவர்களும் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்றைப் பார்க்கச் சொல்லவேண்டும். ஒன்று எர்த். நம் வீடுகளில் எர்த் குழி வெட்டிப் பல வருஷமாகியிருக்கும். ஈரம் காய்ந்து, கம்பி அரித்து, பெயருக்கு மட்டும் இருக்கும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். காரின் சார்ஜர் பொருட்படுத்தும். சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். புதுக் கார் சார்ஜ் ஆகவில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களில் பலருக்குக் குறை வீட்டு எர்த்திலேயே இருக்கிறது. இரண்டாவது, மின்வாரியத்தில் பதிவாகியுள்ள மின்பளு. 15 ஆம்ப் பிளக்கில் 3 கிலோவாட்டைச் சுற்றி இழுக்கும். சுவரில் பொருத்தும் பெரிய சார்ஜர் 7 கிலோவாட்டுக்கு மேல். இரண்டு ஏ.சி., கெய்சரோடு இதுவும் சேர்ந்தால் அனுமதித்த பளுவைத் தாண்டும். மூன்றாவது, மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வரும் ஒயரின் தடிமன். ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் விடாமல் மின்சாரம் போகும் ஒயர் அது.

அடுக்குமாடி வாசிகளுக்கு இதோடு அசோசியேஷன் என்ற படியும் உண்டு. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங்குக்குத் தனி ஒயர் இழுக்க எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காரை வாங்கிவிட்டு அனுமதி கேட்பதைவிட, அனுமதி வாங்கிவிட்டுக் காரைத் தேடுவது மேல்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மாடல்களுக்கு வரவேண்டும். மாடலுக்குள்ளும் முதலில் பார்க்கவேண்டியது பேட்டரியின் வகையும் அதைக் குளிர்விக்கும் முறையும். இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி எடையில் சற்று அதிகம். ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயுள் நீளம், நூறு சதவீதம் நிரப்பினாலும் அதிகம் நொந்துகொள்ளாது. பி.இ. 6-இல் இருப்பதும், பி.ஒய்.டி. கார்களின் பிளேடு பேட்டரியும் இந்த வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை எடை குறைவாக அதிக மின்சாரம் கொள்ளும். ஆனால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. 80-உடன் நிறுத்தினால் தினசரி ரேஞ்சும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பதை ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்விப்பைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதே இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 2012-இல் நடந்தது இதற்குப் பாடம். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லாத நிசான் லீஃப் கார்கள், அந்தப் பாலைவன வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்திலேயே கொள்ளளவை இழந்தன. உரிமையாளர்கள் திரண்டு குரல் எழுப்பிய பிறகு, கொள்ளளவு குறைந்தாலும் உத்தரவாதம் செல்லும் என்று நிசான் அறிவிக்க வேண்டியிருந்தது. வேலூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வெயிலில் வண்டியை வைத்திருப்பவர்கள் திரவக் குளிர்விப்பு உள்ள பேட்டரியைத்தான் வாங்கவேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் இதில் சமரசம் வேண்டாம்.

உத்தரவாதத்தில் நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. நீண்டகாலமாக 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்பதுதான் வழக்கம். இப்போது டாடா, மஹிந்திரா, எம்.ஜி. மூன்றுமே சில மாடல்களுக்கு 'வாழ்நாள்' உத்தரவாதம் என்கின்றன. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அந்த வாழ்நாள் முதல் உரிமையாளரின் கையில் இருக்கும் வரைக்கும்தான். இரண்டாம் கைக்குப் போனால் சுருங்கிவிடும். ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டு அடுத்தது வாங்கும் பழக்கமுள்ள குடும்பத்துக்கு வாழ்நாள் உத்தரவாதத்தால் லாபமில்லை. அவர்கள் பார்க்கவேண்டியது இரண்டாம் உரிமையாளருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை. பழைய வண்டி வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

பேட்டரி வாடகைத் திட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும் என்று இரண்டு வழிகள் தரப்பட்டன. விலையில் வித்தியாசம் மூன்றரை லட்சம். அதைக் கிலோமீட்டர் வாடகையால் வகுத்தால் ஒரு லட்சம் கி.மீ. வருகிறது. அதற்கு மேல் ஓட்டுகிறவர் வாடகையில் நஷ்டப்படுவார். அதற்குக் கீழே நிற்கிறவருக்கும், வட்டிக்குக் கடன் வாங்க விரும்பாதவருக்கும் அது வசதி. ஆனால் வாடகையும் மின்சாரமும் சேர்ந்து கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாயை நெருங்குவதால் பெட்ரோலோடு இருந்த இடைவெளி மெலிந்துவிடுகிறது. ஓட்டாவிட்டாலும் கட்டவேண்டிய மாதக் குறைந்தபட்சத் தொகை ஏதும் உண்டா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

பாதுகாப்பில் மோதல் சோதனையின் முடிவு ஒன்றே அளவுகோல். டாடா பஞ்ச், நெக்ஸான் இரண்டின் மின்சார வடிவங்களும் 2024-இல் பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன, மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் அடுத்து வந்த முடிவுகளில் அதையே பெற்றன. சிட்ரோயன் இசி3 குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் 2024-இல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட பெறவில்லை. குழந்தைகளை ஏற்றிப்போகும் வண்டியில் திரையின் அகலத்தைவிட இது முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

சென்னைக்காரர்களின் கவலை வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டின. கார் பேட்டரிகள் பலவற்றுக்கு ஐ.பி. 67 தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். இரண்டு நாள் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அது பதில் சொல்லாது. தண்ணீரில் நின்ற மின்சார வண்டியை ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. இழுத்துக்கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் எதுவும். காப்பீட்டில் பேட்டரிக்கும் தண்ணீர் சேதத்துக்கும் தனிப் பாதுகாப்பு சேர்க்க ஆகும் கூடுதல் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆக, எதை வாங்குவது? வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்து, பள்ளி, அலுவலகம், கடைகண்ணி என்று தினமும் 40, 50 கி.மீ.க்குள் ஓட்டம் முடிந்துவிடும் என்றால் 24, 25 யூனிட் பேட்டரி தாராளம். டியாகோ அல்லது பஞ்ச் போதும். இரண்டில் பாதுகாப்புச் சான்றுக்காகப் பஞ்ச் ஒரு படி மேல். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள காமெட் நெரிசல் தெருக்களுக்கு வாகானது, ஆனால் 17.3 யூனிட் பேட்டரியோடு குடும்பத்தின் ஒரே காராக அது நிற்காது.

வீட்டுக்கு இருப்பதே ஒரு கார், ஊருக்குள்தான் பெரும்பாலும், வருஷத்துக்குச் சில முறை சொந்த ஊர் என்ற குடும்பங்கள்தான் உங்களில் அதிகம். உங்களுக்கு 45 முதல் 53 யூனிட் வரையிலான பேட்டரி பொருத்தம்: நெக்ஸான் 45, வின்ட்சர் புரோ, கிரெட்டா எலக்ட்ரிக். பணத்துக்கு ஏற்ற மதிப்பில் நெக்ஸான், பின்னிருக்கை விசாலத்தில் வின்ட்சர், சர்வீஸ் சென்டர் பரவலில் கிரெட்டா. மூன்றில் எது என்பதை உங்கள் ஊரில் மின்சார காரைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் எந்த நிறுவனத்திடம் இருக்கிறார்கள் என்பது முடிவு செய்யட்டும். சென்னையில் மூன்றும் சமம். பட்டுக்கோட்டையிலோ கோவில்பட்டியிலோ சமமில்லை.

மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர்களுக்குப் பேட்டரி அளவைவிட அது மின்சாரம் ஏற்றும் வேகம் பெரிது. 20-இலிருந்து 80 சதவீதத்துக்கு இருபதே நிமிஷத்தில் ஏறும் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இந்த வகையில் முன்னால் நிற்கின்றன. ஆனால் அந்த வேகம் 180 கிலோவாட் அளவுள்ள சார்ஜரில்தான். வழியில் இருப்பது 30 கிலோவாட் சார்ஜர் என்றால் 20 லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கிய வண்டியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் எந்த ஊரில் எத்தனை கிலோவாட் சார்ஜர் உள்ளது, எத்தனை சார்ஜிங் கன் வேலை செய்கிறது என்பதை வாங்கும் முன்பே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் அங்கே வரிசை நிற்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

புத்தம் புதிதாகக் களமிறங்கிய நிறுவனங்களின் வண்டிகள் கண்ணைக் கவரும். தூத்துக்குடியில் ஆலை போட்டு நம் பிள்ளைகளுக்கு வேலை தரும் நிறுவனம் நன்றாக வரவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை உண்டு. இருந்தாலும் முதல் காராக எடுப்பவர்கள், பக்கத்து மாவட்டத்திலாவது சர்வீஸ் சென்டர் திறந்து, அங்கே உதிரிபாகம் கிடைக்கிறது என்று தெரிந்தபின் எடுங்கள்.

முன்பணம் கட்டும் முன் ஷோரூமில் அரை மணி நேர ஓட்டத்தோடு திருப்தியடையாதீர்கள். ஒரு ராத்திரி வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் பிளக்கில் சார்ஜ் போட்டு, மறுநாள் உங்கள் வழக்கமான பாதையில் ஏ.சி.யோடு ஓட்டிப் பார்க்கத் தரும்படி கேளுங்கள். பேட்டரி வகை, குளிர்விப்பு முறை, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் உத்தரவாதம் செல்லும், இரண்டாம் உரிமையாளருக்கு எத்தனை வருஷம்: இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் பணம் கட்டாதீர்கள்.